ஒளிப்படாம்: வெளிச்சத்தால் போர்த்தும் பொன்னாடை

2020 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு இரவு. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் மலை உச்சியில் கைவிரித்து நிற்கும் 30 மீட்டர் உயர இயேசு சிலையின் மேல் மருத்துவரின் வெள்ளை அங்கி படிந்தது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கொரோனா வார்டுகளில் இரவு பகலாக நின்றவர்களுக்கு நன்றி சொல்ல, முழுக்க முழுக்க வெளிச்சத்தால் தைத்த அங்கி அது.

இப்படி ஒரு காட்சியை 'மின்னொளியில் ஜொலித்தது' என்று எழுதி முடித்துவிடுகிறோம். அது போதாது. அதே நாட்களில் லண்டனில் வெம்ப்ளி அரங்கத்தின் வளைவு மருத்துவப் பணியாளர்களுக்காக நீலமாக ஒளிர்ந்தது. அது ஒளியூட்டல். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு தர்காவெங்கும் சீரியல் பல்பு மின்னுகிறதே, அந்த வகை. ரியோவில் நடந்தது வேறு. அங்கே சிலையின் தோளும் மார்பும் அளவெடுக்கப்பட்டு, அதற்கென்றே ஒரு படம் வந்து பொருந்தியது. இதற்கு உலக வழக்கில் உள்ள பெயர் புரொஜக்‌ஷன் மேப்பிங். இதற்குத் தமிழில் ஒரு பெயர் தேடிப் பார்க்கிறேன்.

முதல் சொல்லின் வேர் லத்தீனில். 'புரோ' என்றால் முன்னே, 'யாக்கெரே' என்றால் எறிதல். முன்னே எறிவதுதான் புரொஜக்‌ஷன். இலங்கைத் தமிழர் இந்த வேரை அப்படியே பிடித்துக்கொண்டு, படம் காட்டும் கருவியை 'எறியி' என்கிறார்கள். சுருக்கமான, நல்ல சொல். தமிழ்நாட்டில் 'வீழ்த்தி' வந்தது. கணக்குப் பாடத்தில் 'வீழல்' என்று படிக்கிறோம். எனக்கு 'வீழ்த்தி' ஒட்டவில்லை. எதிரியையும் மரத்தையும் வீழ்த்துகிற சொல்லை, நன்றி சொல்லும் இடத்தில் வைக்க மனம் வரவில்லை.

எங்கள் கரைக்கு 'வீசு' பக்கத்தில் இருக்கிறது. வீச்சுவலை கையை விட்டதும் காற்றில் வட்டமாக விரியும். ஈயக் குண்டுகள் இழுக்க இறங்கி, அடியில் மணலோ பாறையோ எது இருக்கிறதோ அதன் மேடு பள்ளத்தோடு படியும். ஆனால் 'ஒளிவீச்சு' என்றால் வெறும் கதிர்தான் நினைவுக்கு வரும், இயற்பியலிலோ வீச்சுக்கு வேறு பொருள் உண்டு. ஆகவே வினைக்கு 'படவீச்சு' சரி. சுவரில் வந்து படிந்த அந்தப் பொருளுக்கு என்ன பெயர்?

அதற்கு இரண்டாவது சொல்லைப் பார்க்க வேண்டும். மேப் என்பதன் மூலம் 'மாப்பா' என்ற லத்தீன் சொல். துணி, கைத்துண்டு என்று பொருள். உலகப் படத்தைத் துணியில் வரைந்ததால் அந்தப் பெயர் நின்றது. தமிழ் அகராதியைப் புரட்டினால் 'படம்' என்ற சொல்லுக்கும் சீலை, ஓவியம் எழுதிய துணி என்ற பொருள்கள் இருக்கின்றன. யானை நெற்றியில் கட்டுவது முகபடாம். மயிலுக்குப் பேகன் போர்த்தியதைப் புறநானூறு 'படாஅம்' என்கிறது. இரண்டு மொழிகளிலும் படம் துணியிலிருந்தே வந்திருப்பதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

துணிக்கும் படத்துக்கும் உள்ள உறவைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவன் நான். தங்கச்சிமடம் பக்கம் திருவிழா முடிந்த இரவுகளில் இரண்டு பனைக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். கடற்காற்று ஏறினால் துணி படகின் பாய் மாதிரி உப்பும். கதாநாயகன் கன்னமும் கூடவே உப்பும். காற்று இறங்கினால் முகம் ஒடுங்கும். கீழே ஈரமணலில் உட்கார்ந்திருந்த நாங்கள், யாராவது போய்த் துணியின் அடியோரத்தைப் பிடிக்க மாட்டார்களா என்று கத்துவோம்.

மேப்பிங் தீர்த்து வைப்பது இந்தச் சிக்கலைத்தான். சுவரின் வளைவு, ஜன்னல், தூண், விளிம்பு எல்லாவற்றையும் முன்பே அளந்து, அந்த அளவுக்குப் படத்தைக் கணினியில் வளைத்து வைக்கிறார்கள். விழுந்த பிறகு பார்ப்பவர் கண்ணுக்கு அது நேராகத் தெரியும். பெரிய பரப்பானால் பல கருவிகள் ஆளுக்கொரு பங்கை வீசும். சந்திப்பு தெரியாமல் இணைக்க வேண்டும். சுற்றிலும் இருட்டு வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை 'ஒளிப்படாம்'. போட்டோவைக் குறிக்கும் 'ஒளிப்படம்' இதற்கு மிக அருகில் இருக்கிறது, காதில் குழம்பும் என்று நண்பர்கள் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் வினை காப்பாற்றும். ஒளிப்படம் எடுப்போம், ஒளிப்படாம் போர்த்துவோம். போர்த்துதல் நம் மரபில் வெறும் மூடுதலா? மேடையில் ஒருவருக்கு நன்றி சொல்ல நமக்குத் தெரிந்த முதல் வழி பொன்னாடை. 'மருத்துவர்களுக்கு நன்றியாகச் சிலைக்கு ஒளிப்படாம் போர்த்தினார்கள்' என்று எழுதிப் பாருங்கள். விளக்கமே வேண்டியிருக்காது.

அந்த 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாங்களும் வாசலில் நின்று கைதட்டினோம், தட்டு அடித்தோம். அடுத்த ஆண்டு கிராம சுகாதார செவிலியர் அக்கா தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்து, சுடுமணலில் எங்கள் குடியிருப்புக்கு நடந்து வந்தார். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கடலைப் பார்த்த பக்கம் ஒரு சுவர் உண்டு. சுண்ணாம்பு அடித்தது, ஜன்னல் ஒன்றே ஒன்று. படகு திரும்பும் நேரத்தில் அந்தப் பக்கம் நல்ல இருட்டு.