மீன் கிடைக்கும் இடம்: இன்காய்ஸ் அட்டவணையைப் படிப்பது எப்படி?

ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை மாலைதோறும் அறிவிக்கிறது. மறுநாள் கடலுக்குப் போகிறவர்களுக்கானது அது. விண்ணப்பம் வேண்டாம், கட்டணமும் இல்லை. தமிழிலும் வருகிறது, வட தமிழகம், தென் தமிழகம் என்று தனித்தனியாகப் பார்க்கலாம்.

செயற்கைக்கோள் மீனைப் பார்ப்பதில்லை. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் தண்ணீரின் நிறத்தையும்தான் பார்க்கிறது. அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும் இடத்தில் சத்தும் கூடவே வரும். அதில் நுண்பாசி பெருகி, அதன் பச்சையம் நீரின் நிறத்தை மாற்றும். பாசியைத் தேடிச் சிறுமீன், அதைத் துரத்திப் பெருமீன். வெப்பம் சட்டென்று மாறும் விளிம்பும் பச்சையம் மிகும் விளிம்பும் எங்கே சேர்கின்றனவோ, அங்கே கோடு போடுகிறார்கள். 2022 நவம்பர் 26 அன்று இஸ்ரோ ஏவிய ஓஷன்சாட்-3 இந்த நிறத்தை 13 அலைவரிசைகளில் பதிவு செய்கிறது. தண்ணீரின் நிறம் பார்த்து வலை விடுவது நம் கரைக்குப் புதிதில்லை. இப்போது மேலே இருந்து பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

அட்டவணையில் உங்கள் இறங்குதளத்தின் பெயரைத் தேடுங்கள். அதற்கு நேராகத் திசை, பாகை, தொலைவு, ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். தொலைவு கிலோமீட்டரில், ஆழம் மீட்டரில். கடல் மைலும் பாகமுமாகக் கணக்குப் போடுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். 37 கிலோமீட்டர் என்றால் 20 கடல் மைல்; 36 மீட்டர் என்றால் ஏறக்குறைய 20 பாகம். ஜி.பி.எஸ்ஸில் அட்ச, தீர்க்க எண்களை ஏற்றிக்கொண்டால் இந்தக் கணக்கே தேவையில்லை.

கோடு அதே இடத்தில் நிற்காது. நீரோட்டமும் காற்றும் அதை நகர்த்தும். போய்ச் சேர்ந்ததும் ஓட்டம் போகும் பக்கமாகவும் தேடிப் பாருங்கள். என்ன மீன் என்று பொது அறிவிப்பு சொல்லாது. சூரைக்குத் தனி அறிவிப்பு உண்டு.

வானம் மூடியிருந்தால் படம் கிடைக்காது, அறிவிப்பும் வராது. ஐப்பசி, கார்த்திகையில் இது சகஜம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்திலும், கடல் சீற்ற நாட்களிலும் வெளியிடுவதில்லை.

கைபேசி சிக்னல் கரையை விட்டுச் சில கிலோமீட்டரில் போய்விடும். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு, 2019இல், ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். ககன் என்ற இந்தியச் செயற்கைக்கோள் வழிகாட்டு அமைப்பின் வழியாக வரும் மீன் இடத் தகவலையும் புயல் எச்சரிக்கையையும் வாங்கி, படகிலுள்ள கைபேசிக்குத் தரும். வாங்க மட்டுமே அதற்குத் தெரியும். ஆபத்தென்றால் அதை வைத்துக் கரைக்குச் செய்தி அனுப்ப முடியாது.