தழுவல்: நாவலைப் படமாக்குவதற்கு நம்மிடம் உள்ள சொல்

ஒரு நாவல் படமாக வந்தால் அதை ‘அடப்டேஷன்’ என்கிறோம். பேசும்போது அது போதும், எழுத உட்கார்ந்தால்தான் கை தயங்குகிறது. திரையாக்கம் என்று ஒருவர் எழுதுகிறார், திரைவடிவம் என்று இன்னொருவர், ‘மாற்றியமைப்பு’ என்றுகூடப் பார்த்திருக்கிறேன், கட்டடம் திருத்துவது மாதிரி. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. சரியான சொல் தழுவல். அது பழைய சொல் என்பதற்காகச் சொல்லவில்லை, நீண்ட தத்துவ நாவல்களைப் படமாக்குவதில் உள்ள சிக்கல் முழுவதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் அடப்டேஷன். லத்தீனில் ‘ஆப்டஸ்’ என்றால் பொருத்தமானது, அதிலிருந்து ‘அடாப்டாரே’, பொருந்தச் செய்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதே சொல்லை விலங்கும் தாவரமும் சூழலுக்கு ஏற்ப மாறுவதற்கும் பயன்படுத்துவார்கள். நம்முடைய விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் அதற்கு ‘இசைவாக்கம்’, தமிழ்நாட்டில் ‘தகவமைப்பு’. இரண்டும் நல்ல சொற்கள்தான், ஆனால் ஒட்டகத்துக்குப் பொருந்துகிற சொல் ஒரு நாவலுக்குப் பொருந்தாது. இசைவாக்கம் என்றால் புதிய இடத்தில் பிழைப்பதற்காக மாறுவது. பழையதை விடாமல் பிடித்திருப்பது என்ற பொருள் அதில் கிடையாது.

தழுவல் அப்படி இல்லை. தழுவு என்றால் அணைத்தல், கையால் சுற்றிப் பிடித்தல். கலித்தொகையின் முல்லைக்கலியில் இளைஞர்கள் ஏறு தழுவுகிறார்கள். திமிறுகிற ஒன்றைப் பிடித்து நிற்பது. இது முதல் பொருள். இரண்டாவது, ஏற்றுக்கொள்ளுதல்: பௌத்தத்தைத் தழுவினான் என்றால் அந்த நெறிக்கு மாறிவிட்டான். மூன்றாவது நாம் பத்திரிகையில் அடிக்கடி வாசிப்பது, ‘நாடு தழுவிய ஹர்த்தால்’. இங்கே தழுவு என்றால் ஒரு மூலை விடாமல் முழுவதையும் உள்ளடக்குதல்.

குழப்பம் இந்த மூன்றாவது பொருளில்தான் தொடங்குகிறது. நாவலைத் தழுவிய படம் என்றவுடன் நாம் நாடு தழுவிய ஹர்த்தாலை நினைத்துக்கொள்கிறோம், எல்லாம் வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். திருகோணமலை உப்புவெளியில் நண்பர் ஒருவரின் வீட்டில் டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ படத்தை, சோவியத் காலத்தில் பொந்தார்ச்சுக் எடுத்தது, நாலைந்து பேராக இருந்து பார்த்தோம். 1966, 67இல் நான்கு பாகங்களாக வந்த படம், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஏழு மணித்தியாலம். முடிந்ததும், நாவலை டி.எஸ். சொக்கலிங்கத்தின் ‘போரும் வாழ்வும்’ மொழிபெயர்ப்பில் வாசித்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா பாதியைக் காணேல்லையே” என்றார். அவர் சொன்னது உண்மை. நாவலின் கடைசியில் வரலாற்றை நடத்துவது யார், மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா என்று டால்ஸ்டாய் எழுதிய நீண்ட கட்டுரை படத்தில் இல்லை. அதை எப்படிப் படமாக எடுக்க முடியும்? ஆனால் அதனால் படம் தோற்றுவிட்டதா என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் சொல்ல அடப்டேஷன் என்ற சொல் நமக்கு ஒரு உதவியும் செய்யாது. நம்முடைய இலக்கணம் செய்யும்.

நன்னூல் நூல்களை மூன்றாகப் பிரிக்கிறது: முதல்நூல், வழிநூல், சார்புநூல். வழிநூலுக்கு அது தருகிற வரையறையைக் கவனியுங்கள்: ‘முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி’. மூலநூல் வந்துசேர்ந்த முடிவோடு ஒத்துப்போக வேண்டும், மற்றபடி பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டிய வேறுபாடுகளைச் செய்யலாம். சார்புநூல் என்பது ஒரு பகுதியில் மட்டும் மூலத்தோடு ஒத்து மற்றதில் விலகிப் போவது. இவற்றுக்கெல்லாம் முந்திய தொல்காப்பிய மரபியலோ வழிநூலையே நான்கு வகையாக்குகிறது: தொகுத்தல் (சுருக்குவது), விரித்தல், தொகைவிரி (சில இடம் சுருக்கிச் சில இடம் விரிப்பது), மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல். அதர் என்றால் வழி. வேறொரு மொழிக்குக் கொண்டுபோனால் போதாது, போய்ச்சேர்ந்த இடத்தின் நெறிக்கு ஏற்றபடி கட்ட வேண்டும். சினிமா பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, எவ்வளவு வந்தது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு முடிபு ஒத்ததா என்று கேட்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இந்த அளவுகோலை வைத்தால் பொந்தார்ச்சுக்கின் படம் தெளிவான வழிநூல், தொகுத்தல் வகை. அதில் ஓக் மரம் வருகிற இடத்தை மட்டும் சொல்கிறேன். வசந்த காலத்தில் காடு முழுவதும் துளிர்த்திருக்க, ஒரு கிழட்டு ஓக் மட்டும் மொட்டையாக நிற்கிறது. வண்டியில் போகிற அந்திரேய், நாவலின் முக்கிய பாத்திரங்களில் ஒருவன், ஓமோம் இந்த மரம் சொல்வதுதான் சரி, நம்முடைய காலம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான். பிறகு ஓர் இரவு மேல்மாடி ஜன்னலில் நத்தாஷா என்ற இளம்பெண் நிலவைப் பார்த்துப் பேசுவது அவன் காதில் விழுகிறது. திரும்பி வரும்போது அதே மரத்தை அடையாளம் தெரியாமல் தேடுகிறான், அது இலையால் மூடி நிற்கிறது. முப்பத்தொரு வயதில் வாழ்க்கை முடிந்துவிடவில்லை என்ற எண்ணம் அவனுக்கு அங்கே வருகிறது. நாவலில் இது சில பக்கம். படத்தில் மரமும் ஒரு குரலும். ஒரு சிந்தனை இன்னொரு சிந்தனையாக மாறுவதைக் கமராவால் காட்ட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மரத்தை டால்ஸ்டாயே எழுதிவைத்தது படத்துக்குக் கிடைத்த பெரிய உதவி. கட்டுரைப் பகுதிக்கு அப்படி ஒரு மரம் இல்லை, அதனால் அது கைக்குள் வரவில்லை.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1951இல் தாஸ்தயேவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவலை எடுத்தது அதர்ப்பட யாத்தல். பீட்டர்ஸ்பர்க் பனி ஹொக்கைடோ தீவின் பனி ஆகிறது. நாவலில் கதாநாயகனான இளவரசன் சுவிட்சர்லாந்தில் வைத்தியம் முடித்துத் திரும்புகிறான், படத்தில் அவன் போர்க்குற்றவாளி என்று தவறாகத் தீர்ப்பளிக்கப்பட்டு, சுட்டுக்கொல்லப்படும் கடைசி நேரத்தில் தப்பியவன். மரணத்தின் விளிம்பைப் பார்த்தவனுக்கு எல்லோர்மீதும் இரக்கம் வருகிறது என்ற நாவலின் மையம், யுத்தம் முடிந்த ஒரு நாட்டில் சரியாகப் போய்ப் பொருந்திவிட்டது. யுத்தம் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 265 நிமிடப் படத்தைப் பட நிறுவனம் 166 நிமிடமாக வெட்டியது, அதனால் கதை இடையிடையே அறுந்து நிற்கிறது. அப்படியிருந்தும் முடிபு ஒக்கிறது.

சோவியத் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ (1972) சார்புநூல். ஸ்தனிஸ்லாவ் லெம்மின் நாவல் விண்வெளி நிலையத்துக்குப் போவதில் தொடங்கும். படமோ பூமியில், தகப்பன் வீட்டில், நீர்ச்செடி அசைகிற குளத்தருகே நெடுநேரம் நிற்கிறது. மனித அறிவுக்கு எட்டாத ஒன்றை எதிர்கொள்வது பற்றி லெம் எழுதினார், குற்றவுணர்வும் வீடும் பற்றித் தார்க்கோவ்ஸ்கி எடுத்தார். லெம் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. எனக்கு இரண்டும் பிடிக்கும், ஆனால் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று யாரும் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நம்முடைய தீவிலேயே கடினமான உதாரணம் ஒன்று இருக்கிறது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘விராகய’ நாவல், 1956. பற்று இல்லாமல் வாழ்கிற, அல்லது பற்று வைக்கத் துணியாத அரவிந்த தன் கதையைத் தானே சொல்கிறான். தான் செய்யாமல் விட்டவற்றுக்கெல்லாம் அவன் கொடுக்கிற விளக்கம்தான் நாவல். திஸ்ஸ அபேசேகர 1987இல் அதைப் படமாக்கினார். ஒன்றுமே செய்யாத ஒருவனின் முகத்தை வைத்துக்கொண்டு அவன் துறவியா கோழையா என்ற கேள்வியை எழுப்ப வேண்டும். ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ மாதிரி நாவலை யாராவது எடுக்கத் துணிந்தால் அவருக்கு வரப்போகிற சிக்கலும் இதே இனம்தான், இன்னும் பத்து மடங்கு.

தழுவல் திருகோணமலைக்குப் புதிது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஈழத்தின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றான ‘ஊசோன் பாலந்தை கதை’யை 1891இல் எழுதிய இன்னாசித்தம்பி இந்த ஊர்க்காரர். வலன்டைன், ஓர்சன் என்று இரட்டைப் பிள்ளைகள், ஒருவன் அரண்மனையில் வளர்ந்து வீரனாகிறான், மற்றவனைக் காட்டில் கரடி வளர்க்கிறது என்று போகிற ஐரோப்பியக் கதையின் தழுவல் அது. ஓர்சன் ஊசோன் ஆனான், வலன்டைன் பாலந்தை ஆனான். பெயர் எவ்வளவு இயல்பாக நம் வாயில் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

இனி எழுதுகிறவர்களுக்கு. செய்கிற வேலைக்குத் திரையாக்கம் என்று சொல்லலாம், தவறில்லை. அந்த வேலைக்கும் மூலத்துக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டுமானால் தழுவல். ‘நாவலைத் தழுவிய படம்’ என்று இரண்டாம் வேற்றுமையோடு எழுதுங்கள். ‘நாவலிலிருந்து தழுவப்பட்ட’ என்பது ஆங்கில வாக்கியத்தின் நிழல், தமிழில் ஒன்றிலிருந்து யாரும் எதையும் தழுவுவதில்லை. முடிபு ஒத்த படத்தை வழித்தழுவல் என்றும், விலகிப் போனதைச் சார்புத்தழுவல் என்றும் விமர்சனத்தில் பிரித்து எழுதலாம். நான் அப்படித்தான் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.