ஃபிட்ஸ் சிரப்பை குலுக்காம ஊத்தாதீங்க

நான் பார்மசிஸ்ட், ஆஸ்பத்திரில மருந்து கொடுக்கற கவுண்டர்லதான் இருப்பேன். ஒரு நாள் ஒரு அம்மா ஆறு வயசு பையனை இடுப்புல தூக்கிட்டு வந்தாங்க, "ரெண்டு நாளா தள்ளாடறான் சார், பேச்சு குழறுது, கண்ணு வேற ஆடுது"ன்னு. பையன் வலிப்புக்கு (ஃபிட்ஸுக்கு) ஃபெனிடாயின்ங்கற சிரப் குடிக்கறவன். பாட்டிலை வாங்கி பார்த்தா அடியில ரெண்டு விரல் மருந்துதான் மிச்சம், அதுவும் கூழ் மாதிரி கெட்டியா இருக்கு. குலுக்கிட்டுதானேம்மா ஊத்தறீங்கன்னு கேட்டேன். "குலுக்கணுமா சார்?"

அந்த மருந்து தண்ணில கரையாது, தூள் மிதந்துட்டு இருக்கும், வச்ச இடத்துல வச்சா அடியில படிஞ்சிரும். குலுக்காம ஊத்தினா மேல இருக்கறது வெறும் இனிப்புத் தண்ணி மாதிரிதான், அதனாலதான் புது பாட்டில் திறந்த வாரத்துல அவனுக்கு ரெண்டு தடவை வலிப்பு வந்திருக்கு, பாட்டில் முடியற நேரத்துல அதே அஞ்சு மில்லில அளவுக்கு மீறி மருந்து போயிருக்கு. உடனே டாக்டர்கிட்ட அனுப்பினோம், ரத்தத்துல லெவல் ரொம்ப அதிகம். நல்லவேளை, சில நாள்ல சரியாயிட்டான்.

ஃபெனிடாயின் விஷயத்துல இவ்ளோ கவனம் ஏன்னா, ரத்தத்துல ஒரு மில்லிக்கு 10 லேர்ந்து 20 மைக்ரோகிராம் வரைக்கும்தான் பொதுவா சரியான லெவல். கல்லீரல் அதை ஓரளவுக்குதான் உடைக்கும், அந்த அளவு தாண்டிட்டா டோஸ் கொஞ்சம் கூடினாலே லெவல் எகிறிடும், பெரியவங்களுக்கு 300 மில்லிகிராமை 400 ஆக்கினாகூட லெவல் ரெண்டு மடங்கு ஆகலாம். அதனால காபி ஸ்பூன்ல ஊத்தாதீங்க, அளவு மூடி இல்லன்னா ஊசி இல்லாத சிரிஞ்ச் வாங்கிக்கோங்க. அஞ்சு மில்லில 30 மில்லிகிராம் இருக்கற சிரப்பும் உண்டு, 125 இருக்கறதும் உண்டு, பாட்டில் மாறினா லேபிளை பார்த்துட்டு கேளுங்க. டிபி மாத்திரை மாதிரி வேற எது ஆரம்பிச்சாலும் ஃபிட்ஸ் மருந்து எடுக்கறதை சொல்லிருங்க, டிபிக்கு கொடுக்கற ஐசோனியாசிட்ங்கற மருந்து இதோட லெவலை ஏத்தி விட்டுரும்.

ஒரு வேளை மறந்தா ஞாபகம் வந்ததும் கொடுங்க, அடுத்த வேளை நெருங்கிட்டா விட்டுடுங்க, ரெண்டையும் சேர்த்து கொடுக்கவே கூடாது. உடம்புல தடிப்பு, கூடவே காய்ச்சல், வாய்ப்புண் வந்தா அன்னைக்கே டாக்டரை பாருங்க. ஈறு வீங்கறது இந்த மருந்துல சகஜம், பல்லை சுத்தமா வச்சுக்கணும்.

எனக்கு ரொம்ப பயம் தர்றது இதுதான்: "ஒரு வருஷமா வரலையே"ன்னு தாங்களே நிறுத்திடறாங்க. வராம இருக்கறதே மருந்தாலதாங்க, திடீர்னு நிறுத்தினா விடாம வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பமா இருந்தாலும் டாக்டரை கேக்காம நிறுத்தாதீங்க.

வலிப்பு வந்தா கையில சாவி, இரும்பு எதுவும் கொடுக்க வேணாம், வாயில எதுவும் வைக்காதீங்க, ஒருக்களிச்சு படுக்க வைங்க, 5 நிமிஷம் தாண்டினா 108.

அடுத்த தடவை வரும்போது அந்த பாட்டிலையும் வீட்ல ஊத்தற ஸ்பூனையும் பையில போட்டு எடுத்துட்டு வாங்க, கவுண்டர்ல காட்டுங்க, ஒரு நிமிஷம்தான் ஆகும்.