சி.ஆர்.பி குறைவாக இருந்தால் நிம்மதியா?

கல்லீரல் நோயான சிரோசிஸ் உள்ள ஒருவரின் ரத்தப் பரிசோதனையில், தொற்றோ அழற்சியோ இருந்தால் ஏறும் புரதமான சி.ஆர்.பி கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது என்றால், "அப்பாடா, பெரிய தொற்று எதுவும் இல்லை" என்று உடனே நிம்மதியாகிவிட வேண்டாம். அந்த சி.ஆர்.பி.யைத் தயாரிப்பதே கல்லீரல்தான். தழும்பேறிச் சுருங்கிப்போன கல்லீரலுக்கு அதைச் செய்யத் தெம்பில்லாமல்கூட எண் குறைந்திருக்கலாம்.

தொற்றைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? குடல்தான் காரணம். கல்லீரலுக்குள் வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, போர்ட்டல் சிரை வழியாகக் குடல் பக்கமிருந்து வருவது. சத்துகளோடு பாக்டீரியாத் துணுக்குகளும் கொஞ்சம் வரும், அவற்றைக் கல்லீரலில் குந்தியிருக்கும் குப்ஃபர் செல்கள் விழுங்கிவிடும். சிரோசிஸில் இந்த ஏற்பாடு பல இடங்களில் ஒன்றாகக் கெடுகிறது. பித்த அமிலம் குறைவதால் குடலில் வேண்டாத பாக்டீரியா பெருகி (வழக்கமாக வாயில் வாழும் இனங்கள்கூட அங்கே குடியேறுகின்றன), குடல் சுவரும் கசிய ஆரம்பிக்க, அழுத்தம் ஏறிய போர்ட்டல் ரத்தமோ பக்கவழிகளில் புகுந்து கல்லீரலைத் தொடாமலே உடம்பெங்கும் போய்விடுகிறது.

கசிந்து வருவதில் முக்கியமான விஷம், சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலுள்ள எண்டோடாக்ஸின். சரி, அதையே அளந்துவிடலாமே? குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களிலிருந்து எடுத்த சாறு எண்டோடாக்ஸின் பட்டால் உறையும். ஊசி மருந்து சுத்தமா என்று பார்க்க அருமையான சோதனை, ஆனால் நம் ரத்தத்திலுள்ள புரதங்கள் அதைக் குழப்பிவிடுகின்றன. அதனால் எண்டோடாக்ஸினைச் சுமந்துபோய் வெள்ளணுக்களிடம் ஒப்படைக்கும் எல்.பி.பி என்ற புரதத்தை அளக்கிறார்கள். பாருங்கள், அதையும் பெரும்பாலும் கல்லீரல்தான் செய்கிறது!

எனக்கு இவற்றில் அதிக நம்பிக்கை சிடி163 மேல். கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் புரதம் இது, அவை கிளர்ச்சியடையும்போது கழன்று ரத்தத்தில் மிதக்கும். குப்ஃபர் செல்களும் மேக்ரோஃபேஜ்கள்தான் என்பதால், காவல்காரன் எவ்வளவு கொதித்துப்போயிருக்கிறான் என்பதே இதில் தெரிகிறது. போர்ட்டல் அழுத்தம் ஏற ஏற இதன் அளவும் ஏறுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடல் பக்கத்துச் சாட்சி ஐ-எஃப்.ஏ.பி.பி: குடல் உட்சுவர்ச் செல்களுக்குள் இருக்கும் புரதம், செல் சிதைந்தால் வெளியே வரும். ஆனால் சிறுநீரகம்தான் இதை வெளியேற்றுகிறது, சிரோசிஸ் முற்றியவர்களுக்குச் சிறுநீரகமும் மக்கர் செய்யும், அப்போது குடல் இன்னும் மோசமாகாமலே எண் ஏறலாம்.

அப்புறம் சோனுலின், குடல் சுவர்ச் செல்களுக்கு இடையிலான இணைப்பைத் தளர்த்தும் புரதம். 'குடல் கசிவு டெஸ்ட்' என்று இணையத்தில் காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்களே, அது. கடையில் கிடைக்கும் சோனுலின் கிட்டுகள் சில, சோனுலினையே அளக்கவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

இந்தக் குறியீடுகளில் பெரும்பாலானவை இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டவில்லை. சிரோசிஸ் நோயாளிக்கு வயிற்றில் நீர் கோத்து, காய்ச்சலோ குழப்பமோ வந்தால், வார்டில் இன்றும் ஊசி குத்தி அந்த நீரை எடுத்துத்தான் பார்க்கிறார்கள். ஒரு கன மில்லிமீட்டரில் 250 நியூட்ரோஃபில் (ஒருவகை வெள்ளணு) அணுக்களோ அதற்கு மேலோ இருந்தால், கல்ச்சர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆன்டிபயாட்டிக் ஏற்றிவிடுவார்கள்.