ஓமோஊசியோஸ்: 'ஒரே பொருளானவர்' இருக்க 'ஒத்தவர்' எதற்கு?

இயேசுவுக்கும் தந்தையாகிய கடவுளுக்கும் உள்ள ஒருமையைத் தமிழில் சொல்ல வருகிறவர்கள் 'தந்தையை ஒத்த இயல்புடையவர்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். மறையுரையில் இது வருகிறது, மறைக்கல்விக் குறிப்பில் வருகிறது, மொழிபெயர்ப்புக் கட்டுரையில் வராமல் இருப்பதே இல்லை. காதுக்கு இதமான தொடர்தான். ஆனால் நான்காம் நூற்றாண்டில் கூடிய திருச்சபைப் பேரவையான நிசேயாச் சங்கம் கையில் எடுத்துப் பார்த்துப் 'போதாது' என்று கீழே வைத்த சொல் எதுவோ, அதையே அந்தச் சங்கத்தின் வாயில் திணிக்கிறது.

மூலச்சொல் கிரேக்கம்: ஓமோஊசியோஸ். 'ஓமோஸ்' என்றால் அதே, ஒன்றேயான. 'ஊசியா', 'இரு' என்னும் வினையின் பெண்பால் எச்சத்திலிருந்து பிறந்த பெயர். உள்ளதாயிருப்பது, ஒன்றை அதுவாக நிறுத்துவது என்று விரிக்கலாம். இலத்தீன்காரர்கள் 'கொன்சுப்ஸ்தான்சியாலிஸ்' என்று ஆக்கிக்கொண்டார்கள். விவிலியத்தில் இந்தச் சொல் கிடையாது. 325இல் நிசேயாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்னிக் நகரில், கூடிய ஆயர்கள்தாம் (பிஷப்புகள்) இதை நம்பிக்கை அறிக்கையில் ஏற்றினார்கள். பிறப்பு வரலாறு இவ்வளவு போதும்.

ஒன்றை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. அன்றாடக் கிரேக்கத்தில் ஊசியா என்றால் சொத்து. லூக்கா 15இல் இளைய மகன் தந்தையிடம் பங்கு கேட்கிறானே, அந்தச் சொத்துக்கு 12, 13ஆம் வசனங்களில் இருக்கும் சொல் ஊசியாதான். தமிழிலும் பொருள் ஈட்டுகிறோம், மெய்ப்பொருளையும் தேடுகிறோம், சொல் ஒன்றே. கைக்காசிலிருந்து இருப்பின் அடிப்படை வரை நீளும் அதே வீச்சு நம் 'பொருள்' என்ற சொல்லுக்கும் உண்டு. கத்தோலிக்க வழிபாட்டில் 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்று சொல்கிறார்களே, அதைவிடப் பொருத்தமான இணை எளிதில் வாய்க்காது.

இனி 'ஒத்த' என்பதைப் பார்ப்போம். ஒத்தல் நடக்க இரண்டு வேண்டும். தாமரையை ஒத்த முகம் என்றால் முகம் வேறு, தாமரை வேறு. நன்னூல் உவம உருபுகளை 'போல, புரைய, ஒப்ப' என்றுதான் எண்ணத் தொடங்குகிறது. உவமை எவ்வளவு நெருங்கினாலும் உவமானமும் உவமேயமும் ஒன்றாகிவிடுவதில்லை. ஒன்றாகிவிட்டால் உவமையே இல்லை. ஆகவே 'தந்தையை ஒத்தவர்' என்று சொன்ன மாத்திரத்தில், இலக்கணம் தெரிந்த தமிழ்க் காதில் இரண்டு கடவுளர் எழுந்து நிற்கிறார்கள்: ஒருவர் அசல், மற்றவர் அசலைப் போன்றவர்.

நிசேயாவில் நடந்த வாதமே இதுதான். மகன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்றார் அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ். அதை மறுக்க, மகன் எல்லாவற்றிலும் தந்தையை ஒத்தவர், அவருடைய சாயல் என்பது போன்ற விவிலிய மணமுள்ள சொற்களையே ஆயர்கள் முதலில் நாடினார்கள். அப்போது ஆரியுஸின் பக்கத்தார் ஒருவருக்கொருவர் கிசுகிசுத்துக் கண்ணடித்துக்கொண்டார்கள் என்று, பின்னர் அலெக்சாந்திரியாவின் ஆயராகி நிசேயாவின் பக்கம் நின்று வாதாடிய அத்தனாசியுஸ் எழுதிவைத்திருக்கிறார். மனிதனும் கடவுளின் சாயல்தானே, நாமும் ஒரு வகையில் கடவுளை ஒத்தவர்கள்தானே, ஆகவே இந்தச் சொல்லில் நாமும் கையெழுத்துப் போடலாம் என்பது அந்தக் கண்ணடிப்பின் பொருள். வழுக்கிப் போக இடம் தராத ஒரு சொல் தேவைப்பட்டது. அப்படித்தான் ஓமோஊசியோஸ் உள்ளே வந்தது. அந்தச் சொல்லைத் தமிழில் 'ஒத்த' என்று பெயர்த்தால் கண்ணடித்தவர்கள் கட்சிக்கே தீர்ப்பு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிறது.

கிரேக்கத்திலும் 'ஒத்த' கட்சிக்கு ஒரு சொல் இருந்தது: ஓமோயூசியோஸ், ஒத்த பொருளினர். 358இல் அன்சிரா நகரின் ஆயர் பசிலியுஸைச் சுற்றி நின்றவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு சிர்மியத்தில் வெளியான ஓர் அறிக்கை இரண்டு சொல்லையுமே பேசக்கூடாது என்று வாயடைத்திருந்தது. இரண்டுக்கும் எழுத்தில் வேறுபாடு ஒரே ஓர் இயோத்தா, கிரேக்க எழுத்துகளில் மிகச் சிறியது. நியாயமாகச் சொன்னால் அன்சிராக்காரர்கள் ஆரியுஸின் ஆட்கள் அல்லர். தந்தையும் மகனும் ஒரே ஆள்தான் என்று யாராவது புரிந்துகொள்வார்களோ என்ற அச்சத்தில் 'ஒத்த' என்றார்கள். அத்தனாசியுஸே அவர்களைச் சகோதரர்களாக நடத்தினார். ஆனாலும் 381இல் கான்ஸ்டான்டினோப்பிள் சங்கத்தோடு நிலைத்தது ஓமோஊசியோஸ்தான். முடிந்துபோன அந்த வழக்கைத் தமிழில் நாம் தெரியாமலே திறந்துகொண்டிருக்கிறோம்.

தெரியாமல் என்று சொல்லக் காரணம் உண்டு. பேச்சுத் தமிழில் 'ஒற்றை' என்பது 'ஒத்தை' ஆகி, 'ஒத்த' என்றும் தேய்கிறது. ஒத்தப் புள்ள, ஒத்தக் காலு. அந்தக் காதோடு கேட்டால் 'ஒத்த பொருள்' என்பது ஒற்றைப் பொருள் போலவே ஒலிக்கும். ஏட்டில் எழுதியதும் அது 'ஒ' என்னும் வினையின் பெயரெச்சமாகி உவமைக்குள் போய்விடுகிறது. கிரேக்கர்களை ஓர் இயோத்தா அலைக்கழித்தது. நம்மை ஒரு றகரம்.

இன்னொரு காரணம் கலைச்சொல் பழக்கம். 'ஓமோ' என்ற முன்னொட்டைக் கண்டதும் 'ஒத்த' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவது. மூல வாக்கியம் எதை மறுக்க எழுந்தது என்று பார்க்காமல் பெயர்க்கிறவர்களுக்கு அகராதி எப்போதும் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடும். இந்த நோய் தமிழுக்கு மட்டும் வந்ததன்று. பிரெஞ்சுத் திருப்பலி நூலில் 'அதே இயல்புடையவர்' என்ற வடிவம் பல ஆண்டுகள் இருந்து, 2021இல்தான் இலத்தீன் சொல்லுக்கே திரும்பினார்கள். ஆங்கிலத்தில் அந்தத் திருத்தம் 2011இல் நடந்தது. அவர்கள் கடன் வாங்கித் திருத்திக்கொண்டார்கள். சொந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கோட்டைவிடுவது நாம்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் கைவிட்டதற்கு நிகரான ஒன்று நம்மிடமும் உண்டு: சீர்திருத்த சபைகளில் வழங்கும் 'பிதாவோடே ஒரே தன்மையுடையவர்'. 'ஒத்த'வோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். 'ஒரே' என்ற உறுதி இருக்கிறது. ஆனால் தன்மை என்பது பண்பு. அண்ணனும் தம்பியும் ஒரே தன்மை என்று தாராளமாகச் சொல்கிறோம், அவர்கள் இருவராகவே இருக்கிறார்கள். பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாகப் பிரித்த நம் இலக்கணம் பொருளையும் குணத்தையும் ஒரே கூடையில் போடவில்லை. 'எப்பொருள் எத்தன்மைத் தாயினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு' என்ற குறள் இந்த இரண்டு சொல்லையும் எதிரெதிரே நிறுத்தியே பேசுகிறது. தன்மை தோன்றுவது, பொருள் அடியில் நிற்பது. ஊசியா இரண்டாவது.

தன்மைக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் எபிரெயர் 1:3, மகனை 'அவருடைய தன்மையின் சொரூபம்' என்கிறது. அங்கே கிரேக்கத்தில் இருப்பது ஊசியா அன்று, இப்பொஸ்தாசிஸ். 325இல் இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருளில்தான் வழங்கின. பின்னர்தான் இப்பொஸ்தாசிஸ் 'ஆள்' என்ற பொருளுக்கு ஒதுங்கி, 'ஒரே ஊசியா, மூன்று இப்பொஸ்தாசிஸ்' என்ற வாய்பாடு உறுதிப்பட்டது. இரண்டுக்கும் 'தன்மை' என்றே போட்டால் அந்த வாய்பாட்டைத் தமிழில் சொல்லவே முடியாது. 'ஒரே பொருள், மூன்று ஆட்கள்' என்றால் சிக்கல் இல்லை.

'பொருள் என்றால் சடப்பொருள் அல்லவா, கடவுளைப் போய்ப் பொருள் என்பதா?' என்று கேட்பவர்கள் உண்டு. நான்காம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார்கள். ஒரே உலோகத்தை வெட்டி இரண்டு காசு அடித்த மாதிரி, கடவுளை இரண்டாகப் பிளந்ததாக ஆகாதா என்பது அன்றைய எதிர்ப்பு. செசரியாவின் ஆயர் யூசேபியுஸ் சங்கம் முடிந்ததும் தம் சபைக்கு எழுதிய மடலில், உடல்களைப் பிரிப்பது போலவோ அறுப்பது போலவோ இதைக் கொள்ளக் கூடாது என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. மூலச்சொல்லுக்கே விளக்கம் தேவைப்பட்டது என்றால், பெயர்ப்புக்கும் தேவைப்படுவது குறையாகாது. மெய்ப்பொருள், பரம்பொருள் என்று பழகிய மொழிக்கு இது பெரிய பாரமும் இல்லை.

'ஒத்த' என்பது ஒரு பக்கம் வழுக்கினால், மறுபக்கம் வழுக்குவது 'தந்தையோடு இரண்டறக் கலந்தவர்'. பக்தி இலக்கியத்தில் உயிர் இறைவனோடு ஒன்றுவதைச் சொல்ல வந்த அழகான தொடர். இங்கே பொருந்தாது. கலப்பதற்கு முன் பிரிந்திருந்திருக்க வேண்டும். கலந்தபின் தனித்தனியே அடையாளம் காண முடியாது. அப்படியானால் மன்றாடும் மகன் யார், கேட்கும் தந்தை யார்? தந்தை, மகன், ஆவி என்பவை ஒருவரே போட்ட மூன்று வேடங்கள் என்ற சபெல்லியுஸின் கொள்கைக்கு இது வாசலைத் திறந்துவிடும்.

இரண்டு வழுக்கலுக்கும் மருந்து யோவான் 10:30இலேயே இருக்கிறது: 'நானும் தந்தையும் ஒன்றாய் இருக்கிறோம்.' கிரேக்கத்தில் 'ஒன்று' அஃறிணை, வினை பன்மை. 'ஒன்று' என்றது உன்னை ஆரியுஸிடமிருந்து காக்கிறது, 'இருக்கிறோம்' என்றது சபெல்லியுஸிடமிருந்து காக்கிறது என்றார் இலத்தீன் இறையியலாளர் அகுஸ்தின். ஒன்று, ஒருவர் என்று திணையைப் பிரித்துச் சொல்லும் வசதி தமிழுக்கு இயல்பாகவே உண்டு. 'ஒன்று' இருக்கவேண்டிய இடத்தில் 'ஒருவரே' என்று வசனத்தைத் திருத்திச் சொல்வது அந்த வசதியைக் குப்பையில் போடுவது. 'ஒன்றாய்' என்பதிலும் ஒரு நெருடல் உண்டு: 'ஒன்றாய்ப் போனோம்' என்றால் சேர்ந்து போனோம் என்றுதானே பொருள்? 'நானும் தந்தையும் ஒன்றே' என்று நறுக்கியிருந்தால் அந்தப் பொருள் ஒழியும், ஆனால் 'இருக்கிறோம்' என்ற பன்மையும் சேர்ந்து போய்விடும். இருப்பதை வைத்துக்கொண்டு ஒரு வரி விளக்கம் சேர்ப்பதே மேல்.

எந்தப் பெயர்ப்பையும் உரைத்துப் பார்க்க 451இன் கால்செதோன் சங்க அறிக்கை நல்ல உரைகல். கிறிஸ்து இறைமையில் தந்தையோடும், மனிதத்தில் நம்மோடும் ஓமோஊசியோஸ் என்று அது ஒரே சொல்லை இரண்டு முறை ஆள்கிறது. 'நம்மை ஒத்தவர்' என்று போட்டால் மனிதரைப் போன்றவர், உண்மை மனிதர் அல்லர் என்று ஆகிவிடும். 'நம்மோடு இரண்டறக் கலந்தவர்' என்பது வேடிக்கை. 'மனிதத்தில் நம்மோடு ஒரே பொருளானவர்' என்பது நிற்கிறது. நாம் பலர், கடவுள் ஒருவர் என்பதால் அந்த 'ஒரே' முதலிடத்தில் எண்ணால் ஒன்று, இரண்டாவது இடத்தில் இனத்தால் ஒன்று. இந்த நெகிழ்ச்சி கிரேக்கச் சொல்லிலும் இருந்ததுதான். 'ஒரே' அதை அப்படியே தாங்குகிறது.

பண்புப்பெயராக வேண்டும் என்றால்? சொற்பிறப்பை மட்டும் பார்த்தால் 'ஓருண்மை' என்பதுதான் அச்சொட்டான ஆக்கம்; உள் + மை = உண்மை, இன்மைக்கு எதிர்ச்சொல், இருப்பு என்பதே அதன் முதற்பொருள். ஆசை காட்டும் சொல். ஆனால் இன்றைய வாசகர் 'ஒரே சத்தியம்' என்று படித்துவிட்டுப் போவார். தூய்மைக்காகத் தெளிவைப் பலிகொடுக்க வேண்டியதில்லை. 'ஏகசாரம்' வடமொழிப் பூச்சு என்பதற்காக அன்று, பழச்சாற்றை நினைவூட்டுவதற்காகவே வேண்டாம். 'ஒருபொருண்மை' தேவலாம். முதன்முறை வரும் இடத்தில் 'தந்தையும் மகனும் ஒரே பொருளாயிருத்தல்' என்று ஒரு தரம் விரித்துவிட வேண்டும். இல்லையென்றால் இலக்கணம் படித்தவர்களுக்கு ஒருபொருட்பன்மொழிதான், அதாவது ஒரே பொருள் தரும் பல சொற்கள் சேர்ந்து வருவதுதான், நினைவுக்கு வரும்.