மீன் ராசி இல்லாத வீடு என்று ஒன்று கிடையாது

தொட்டி வாங்கிய வாரத்திலேயே மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும் வீடுகளிலிருந்துதான் எனக்குப் பெரும்பாலான அழைப்புகள் வருகின்றன. முதலில் மருந்து கேட்பார்கள். அடுத்து, "எங்கள் வீட்டுக்கு மீன் ராசி இல்லை போலிருக்கிறது சார்" என்பார்கள். வீட்டின் கண்திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்பவர்களும் உண்டு. மதுரையில் மீன்தொட்டி அமைத்துப் பராமரித்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த மீன்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றது அம்மோனியா.

மீனின் கழிவும் தின்னாமல் கிடக்கும் தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறுகின்றன. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுவதற்கு இரண்டு வகைப் பாக்டீரியாக்கள் வேண்டும். அவை மணலிலும் பில்டர் பஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத்தொட்டியில் அவை இருப்பதில்லை. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும்போதே மீனின் செவுள்கள் வெந்துகொண்டிருக்கும். தண்ணீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக் கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும். நம் ஊரில் பல பகுதிகளின் போர் தண்ணீர் காரமானது, வெயிலோ சொல்லவே வேண்டாம். ஆகவே வேறு ஊரில் தப்பிப் பிழைக்கும் மீன்கூட இங்கே பிழைக்காமல் போகலாம்.

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. செடியை முதலில் வளர்த்து, மீனைப் பிறகு விட்டால் போதும். நீர்ச்செடிகள் அம்மோனியாவை நேரடியாகவே உணவாக உறிஞ்சிக்கொள்ளும். மண்ணும் செடியும் சேர்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் இந்த முறையை உலகெங்கும் பரப்பியவர் டயானா வால்ஸ்டட் என்ற அமெரிக்கப் பெண்மணி. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உரப் புட்டியும் இல்லாமல் இதைச் செய்துவிடலாம்.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் இருக்கட்டும். சுமார் 55 லிட்டர் பிடிக்கும். மண், கண்ணாடி எல்லாம் சேர்த்தால் 70 கிலோவைத் தாண்டிவிடும் என்பதால் ஆடும் மேசையில் வைக்காதீர்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடமும் ஆகாது. மேசைமேல் வைக்கும் வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் எல்லாமே வேகமாகக் கெடும்.

மண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் பொறுமை வேண்டும். கடைகளில் விற்கும் அக்வா சாயில் (நீர்ச்செடிக்கென்றே தயாரித்த மண்) நல்லதுதான், ஆனால் விலை அதிகம். நம் பக்கத்துக் கரம்பை மண்ணே போதும். கண்மாயில் படிந்த அந்த வண்டலில் களியும் இரும்புச்சத்தும் செறிந்திருக்கின்றன. தெரிந்த விவசாயியிடம் ஒரு வாளி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் நாற்றுப் பண்ணையில் வெறும் செம்மண் வாங்குங்கள். யூரியாவோ தொழுவுரமோ கலந்த மண்ணைத் தொட்டுக்கூடப் பார்க்க வேண்டாம். அது தொட்டியை அம்மோனியாக் குளமாக்கிவிடும். மண்ணை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, வெயிலில் காயவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் உடைத்துச் சலித்து ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். அதற்கு மேல் கழுவிய பருமணலை இன்னோர் அங்குலம் போட்டு மூடுங்கள். மூடாவிட்டால் மீன் கிளறும்போதெல்லாம் தண்ணீர் சேறாகும். அடுக்கு இதைவிடத் தடித்தால் அடியில் காற்றில்லாமல் அழுகி முட்டை நாற்றம் வரும். அலங்காரக் கல் போடுவதாக இருந்தால் முதலில் அதில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், அது வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி நம் மக்களிடம் ஒரு தாழ்வு மனப்பான்மை இருக்கிறது. உப்புத் தண்ணீரில் எதுவும் வளராது என்று நினைத்து, ஆர்.ஓ. தண்ணீரைக் கேன் கேனாக வாங்கி நிரப்புகிறார்கள். தாதுக்கள் நீக்கப்பட்ட அந்தத் தண்ணீர் மட்டும் இருந்தால் செடிக்கும் போதாது, மீனுக்கும் போதாது. வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா என்ற இரண்டு நீர்ச்செடிகளும் கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தமக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அதே தண்ணீரில் அவை செழிக்கும். கபொம்பா போன்ற மென்னீர்ச் செடியைப் பார்வைக்கு மயங்கி வாங்கினால் அது இலையிலையாக உதிர்ந்து அழுகும். மாநகராட்சித் தண்ணீராக இருந்தால் ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள். மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றினால் மண் கலங்காது.

நடும்போது கஞ்சத்தனம் கூடாது. முதல் நாளே தரையின் பெரும்பகுதி செடியால் நிறைய வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும். பின்வரிசையில் வாலிஸ்நேரியா, மூலையில் ஹைட்ரில்லா, முன்னால் இலங்கையைச் சேர்ந்த கிரிப்டோகோரின் வெண்டி. கிரிப்டோகோரின் நட்ட சில நாட்களில் இலையெல்லாம் கரைந்துபோகலாம். பிடுங்கிவிடாதீர்கள், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மண்ணில் புதைக்கக் கூடாது. கிழங்கு அழுகிவிடும், கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டுங்கள். கண்மாயிலிருந்து எடுத்து வந்த செடியை இரண்டு வாரம் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். அட்டையும், மீன்குஞ்சைத் தின்னும் தட்டான் புழுவும் அதில் ஒளிந்திருக்கும். பெட்டியில் 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை) என்று அச்சிட்ட சாதாரண எல்.இ.டி. விளக்கு போதும், தினம் ஆறு முதல் எட்டு மணி நேரம்.

பிறகு காத்திருக்க வேண்டும். குழந்தைகள் கேட்பார்கள், விருந்தாளிகள் கேட்பார்கள், கடைக்காரரும் "இரண்டு மீன் விட்டால் என்ன" என்பார். விடாதீர்கள். புது இலைகள் வந்து, சோதனைப் புட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு நான்கைந்து கப்பி மீன்கள் விடுங்கள். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் கடின நீரை விரும்புபவை. கப்பி வேகமாகக் குட்டி போடும். ஆண்களை மட்டும் வாங்கினால் பெருக்கத் தொல்லை இல்லை. தங்கமீன் இந்தத் தொட்டிக்கு ஆகாது. அது அரையடிக்கு மேல் வளரும், செடியையும் மேய்ந்துவிடும். தீனி ஒரு நிமிடத்தில் தின்று தீரும் அளவு போதும். வாரத்தில் ஒரு நாள் போடாவிட்டாலும் மீன் வாடாது. சின்ன ஸ்பாஞ்ச் பில்டர் வைத்தால் நல்லது. அந்தப் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்பதால், தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

சித்திரை, வைகாசியில் கவனம் தேவை. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறிக் காற்று பட்டால் இரண்டு டிகிரியாவது குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அந்தக் குறைவை ஈடுகட்ட மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள்.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீனை வாங்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அது ஓரடிக்கு மேல் வளரும். இடம் போதாமல் போனதும் வைகையிலோ கண்மாயிலோ கொண்டுபோய் விடுகிறார்கள். கோயில் தெப்பக்குளத்தில் விட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். தென்னிந்திய நீர்நிலைகள் பலவற்றில் அது ஏற்கெனவே பெருகிவிட்டது. வைகையை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் அழகுக்காக நாடு நாடாகக் கொண்டுபோகப்பட்ட தென்னமெரிக்கச் செடிதான். வெட்டிய நீர்ச்செடிகளைச் சாக்கடையில் போடாமல் வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பூந்தொட்டிக்கு உரமாக்குங்கள். வளர்க்க முடியாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அவர்கள் மறுத்தால், தொட்டி வைத்திருக்கும் இன்னொருவரைக் கண்டுபிடிக்கும் வரை உங்களிடமே இருக்கட்டும்.