ஓநாய் அடித்த ஆட்டுக்கும் இழப்பீடு உண்டு: ஆந்திர எல்லையில் ஆடு வளர்ப்பவர்களுக்கு

வேப்பனப்பள்ளி, பர்கூர், நாட்றம்பள்ளி, அந்தப் பக்கம் குப்பம், வி.கோட்டா, பலமனேர் என்று எல்லையை ஒட்டி ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு, யானை மிதித்த பயிருக்கும் சிறுத்தை அடித்த மாட்டுக்கும் வனத்துறையில் பணம் கேட்கலாம் என்பது தெரியும். ஓநாய் கொன்ற ஆட்டுக்கும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. செத்த ஆட்டைக் கறிக்காரருக்கு வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இல்லையென்றால் அதிலேயே பூச்சிமருந்தைத் தடவி, ஓநாய் திரும்ப வரும் வழியில் போடுகிறார்கள். முதல் வழியில் இழப்பீடு போகிறது. இரண்டாவது வழியில் இழப்பீடு போவதோடு ஜெயிலும் சேர்ந்துகொள்கிறது.

ஓநாய் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. புலி, யானைக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இதற்கும். அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது 10,000 என்று இருந்ததை இப்படி உயர்த்தினார்கள். துப்பாக்கியால் சுடுவது மட்டும்தான் வேட்டை என்று நினைக்க வேண்டாம். விஷம் வைப்பது, கண்ணி கட்டுவது, பொந்தைத் தோண்டிக் குட்டிகளை எடுப்பது எல்லாமே சட்டத்தின் கணக்கில் வேட்டைதான். மனித உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் நல்லெண்ணத்தோடு தாக்கினால் 11-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆட்டைக் காப்பாற்ற என்று சொன்னால் அந்த விலக்கு கிடையாது.

இவ்வளவு கடுமை எதற்கு என்று கிடையில், அதாவது இரவில் ஆடுகளை அடைக்கும் இடத்தில், காவலுக்குப் படுப்பவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியா முழுவதும் வளர்ந்த ஓநாய்கள் ஏறத்தாழ 3,170 இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் புலிகளின் சராசரி மதிப்பீடு 3,682. அதாவது நாட்டில் ஓநாய் புலியைவிடக் குறைவு. புலிக்காவது காப்பகங்கள் இருக்கின்றன. ஓநாய் பெரும்பாலும் காட்டுக்கு வெளியே, அரசுப் பதிவேட்டில் தரிசு என்று எழுதிவைத்திருக்கும் புல்மேட்டிலும் முட்புதரிலும் வாழ்கிறது. தரிசு என்று பெயர் விழுந்த நிலம் தைல மரத்தோப்பாகிறது, சோலார் பூங்காவாகிறது, மனையாகிறது. மறிமானும் முயலும் அங்கிருந்து போய்விட்டால் ஓநாய்க்கு மிஞ்சுவது நம் ஆடுதான். மறிமான், முயல், எலி ஆகியவற்றின் பெருக்கத்தை மட்டுப்படுத்தி வந்த விலங்கு அது. உலகெங்கும் உள்ள சாம்பல்நிற ஓநாயின் ஒரு கிளைதான் நம்முடையது. மரபணு ஆய்வுகள் இதை மிகப் பழைய கிளைகளில் ஒன்றாகக் காட்டுகின்றன. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1926-க்குள் ஓநாய்களை ஒழித்துவிட்டார்கள். எல்க் மான்கள் பெருகி இளமரங்களை மேய்ந்து தீர்த்தன. பிறகு 1995, 1996-இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.

நம் எல்லையோரத்தில் ஓநாய் அரிது. அறுவடை முடிந்த கொல்லைகளில் கிடை போட்டுக்கொண்டே வடக்கே மதனப்பள்ளி, கதிரி, அனந்தபுரம் பக்கம் போகிறவர்களுக்குத்தான் அதைச் சந்திக்கும் வாய்ப்பு அதிகம்.

இனி, ஆடு அடிபட்டால் செய்ய வேண்டியது. விடிந்ததும் கிடையில் ஒரு பெட்டை ஆடு செத்துக் கிடந்தால் அதை இழுக்காதீர்கள், கழுவாதீர்கள், தோலை உரிக்காதீர்கள். ஓநாய் பெரும்பாலும் தொண்டையைக் கவ்வும். வெளியே பார்த்தால் கோரைப்பல் பதிந்த சின்னச் சின்ன ஓட்டைகள்தான் தெரியும். கால்நடை மருத்துவர் கழுத்துத் தோலை விலக்கிப் பார்க்கும்போது உள்ளே இரத்தம் கட்டியிருந்தால், ஆடு உயிரோடு இருந்தபோதே கடிபட்டது என்று அவரால் எழுத முடியும். நோயில் செத்த ஆட்டை நாய் தின்றிருந்தால் அந்த இரத்தக்கட்டு இருக்காது. கறிக்காரர் கை வைத்துவிட்டால் இந்தச் சாட்சியம் போய்விடும். அப்புறம் எந்த அதிகாரியாலும் உதவ முடியாது.

அன்று காலையிலேயே வனக்காப்பாளர் அல்லது வனவருக்குப் போன் செய்யுங்கள். கால்நடை மருத்துவமனைக்கும் சொல்லுங்கள். தூரமாக இருந்தால் 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ வண்டியைக் கேட்கலாம். அவர்கள் வருவதற்குள் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்: செத்த ஆடு, கழுத்து, கிடையின் வேலி, ஈர மண்ணில் பதிந்த கால்தடம். தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுத்தால் அளவு தெரியும். வனத்துறையினர் இடத்தைப் பார்த்து மகஜர் எழுதுவார்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிரேதப் பரிசோதனைச் சான்று, ஆடு உங்களுடையது என்பதற்கு கிராம நிர்வாக அலுவலரின் சான்று, ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றோடு மனு வனச்சரக அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து மாவட்ட வன அலுவலருக்குப் போகும். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஆட்டுக்கு எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு என்பது அந்தந்த மாநில அரசாணைப்படி. அது அவ்வப்போது மாறுவதால் நடப்புத் தொகையைச் சரக அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பி வராதீர்கள்.

இந்த ஏற்பாட்டில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஆட்டுக்குட்டியை அடித்தால் ஓநாய் அதை அங்கேயே விட்டுப் போகாது.

"குட்டிய வாயில கவ்வினு ஓடிப்பூட்சி சார். கண்ணால பாத்தேன்" என்பார் கிடைக்காரர்.

"உடம்பு இல்லாம நான் என்னான்னு எழுதறதுங்க பெரியவரே?" என்பார் வனக்காப்பாளர்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. உடல் கிடைத்தால்தான் பரிசோதனை, பரிசோதனை இருந்தால்தான் சான்று என்று விதி ஓடுகிறது. குட்டி போனால் கணக்கிலேயே வராது. இதை அரசு மாற்றியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நேரில் பார்த்தவர் சாட்சியும் கால்தடமும் இருந்தால் பாதித் தொகையாவது தரலாம். விஷம் வைக்கும் கை அதில் பாதி நின்றுவிடும். அதுவரை, இரத்தத் துளி, உதிர்ந்த மயிர், இழுத்த தடம் எதுவானாலும் படமெடுத்து, பக்கத்துக் கொல்லைக்காரர் இருவரைச் சாட்சி வைத்து மனுவைக் கொடுத்துவிடுங்கள். மனுவே இல்லாவிட்டால் அங்கே ஓநாய் வந்தது என்பதற்கே பதிவு இருக்காது.

எல்லை தாண்டிக் கிடை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் ரேஷன் அட்டை எந்த ஊரில் இருக்கிறது என்பதைவிட, ஆடு எந்த இடத்தில் செத்தது என்பதுதான் முக்கியம். ஆந்திர மண்ணில் செத்தால் ஆந்திர வனத்துறையிடம்தான் போக வேண்டும். மகஜரை அங்கே பஞ்சநாமா என்பார்கள். கொல்லைக்குச் சொந்தக்காரரையே துணைக்கு அழைத்துப் போங்கள். கிடை போட இடம் கொடுத்தவர் என்ற முறையில் அவர் வாக்குமூலம் எடுபடும், தெலுங்கில் மனு எழுதவும் உதவுவார். மனுவில் 'தோடேலு' என்று இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'நக்கா' என்று எழுதினால் அது நரி.

மேய்த்த இடமும் பிரச்சினையாகலாம். தமிழ்நாட்டில் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்குள் மேய்ச்சலுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2022-இல் தடை போட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவிரி வடக்கு சரணாலயம் இருக்கிறது. அதற்குள் போய் ஆடு செத்தது என்று மனு கொடுத்தால் பணத்துக்குப் பதில் வழக்கு வரலாம்.

அடித்தது ஓநாய் இல்லை, தெருநாய் என்று மருத்துவர் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். நாய் உடம்பெங்கும் தாறுமாறாகக் கடித்துக் குதறியிருக்கும். ஓநாயின் பெயரில் எழுதும் பல ஆடுகளை நாய்கள்தான் கொன்றிருக்கின்றன. தமிழ்நாட்டில் அதற்கும் வழி இருக்கிறது: தெருநாய் கடித்துச் செத்த ஆட்டுக்கு 6,000 ரூபாய், மாட்டுக்கு 37,500, கோழிக்கு 200 என்று 2025-இல் அரசு நிர்ணயித்தது.

மனிதருக்கு ஏதும் ஆனால் கணக்கு வேறு. மத்திய அரசின் வனவிலங்கு வாழ்விட மேம்பாட்டுத் திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 10 லட்சம், படுகாயத்துக்கு 2 லட்சம், சிறு காயத்தின் சிகிச்சைக்கு 25,000 ரூபாய் வரை உண்டு. 2024-இல் உத்தரப்பிரதேசத்தின் பஹ்ரைச்சில் ஓநாய்கள் குழந்தைகளைக் கொன்ற செய்திக்குப் பிறகு நம் பக்கமும் பயம் பரவியது. கிடையில் சிறு பிள்ளைகளைத் தனியே படுக்க வைக்காதீர்கள்.

இழப்பீட்டை மட்டும் நம்பியிருக்காமல் காப்பீடும் செய்துவிடுங்கள். தேசிய கால்நடை இயக்கத்தின் திட்டத்தில் பிரீமியத்தில் 15 சதவீதம்தான் வளர்ப்பவர் பங்கு. மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. ஒரு குடும்பம் 100 ஆடுகள் வரை சேர்க்கலாம். காப்பீடு செய்த ஆட்டின் காதில் போட்ட அடையாள வில்லை விழுந்துவிட்டால் உடனே கால்நடை மருந்தகத்தில் சொல்லி வேறு போட்டுக்கொள்ளுங்கள். வில்லை இல்லாத ஆடு செத்தால் காப்பீட்டுக்காரர் கையை விரித்துவிடுவார்.

மனு நகராவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ரசீது நகலோடு கொடுங்கள். இரண்டு மாநிலத்திலும் திங்கள்தான். தமிழ்நாட்டில் 1100-க்கும் போன் செய்யலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், மனு எந்த மேசையில் நிற்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

யாருமே கேட்காத உரிமை இன்னொன்று உண்டு. சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது தலைமை வன உயிரினக் காப்பாளரின் கடமை என்று சட்டத்தின் 33ஏ பிரிவு சொல்கிறது. பலமனேர், குப்பம் பக்கம் கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய ஊர்களுக்கும், இங்கே காவிரி வடக்கை ஒட்டிய ஊர்களுக்கும் இது பொருந்தும். கிராம சபையில் தீர்மானம் போட்டு முகாம் கேளுங்கள். கிடை நாய்களுக்கும் அதே நாளில் வெறிநோய் ஊசி போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் நாயிடமிருந்துதான் ஓநாய்க்கு வெறிநோய் தொற்றுகிறது; வெறி பிடித்த ஓநாய் கிடைக்குள் புகுந்தால் மனிதரையும் கடிக்கும்.